19 வயதில் வீடில்லாமல் போனால் சிங்கப்பூரில் என்ன வழி?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். அக்கா மகனுக்கு 19 வயது, தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிக்கிறான். மாற்றாந்தகப்பனோடு தகராறு முற்றி, கைகலப்பும் ஆகி, வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள். நண்பர்கள் வீட்டில் மாறி மாறித் தங்குகிறான். இடம் கிடைக்காத இரவில் ஈசூன் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே படுத்துக்கொள்கிறான். நீங்களே வாடகை அறையில் இருக்கிறீர்கள். அவனைக் கூட்டிவர வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. வெளியே படுத்தால் போலீஸ் பிடிக்குமா, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீடு கிடைக்குமா, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் இதற்குச் சட்டம் இருக்கிறதாமே, இங்கே ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்த வயதில் வீடிழந்து நிற்கிறவனை ஏற்றுக்கொள்ளும் கடமை அரசாங்கத்துக்கு உண்டா?

18 வயது நிறையும்வரை உண்டு. அதற்குப் பிறகு, வீடு கொடுத்தே ஆகவேண்டும் என்று இங்கே எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உதவி இல்லாமல் இல்லை. ஆனால் அது உரிமையாக வராது. ஓர் அதிகாரியோ சமூக ஊழியரோ நிலைமையைப் பார்த்து எடுக்கும் முடிவாக வரும். அதனால் எந்தக் கதவை, எப்போது, என்ன சொல்லித் தட்டுகிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. கீழே எது சட்டத்தில் எழுதியிருக்கிறது, எது நடைமுறை, எது ஆளுக்கு ஆள் மாறும் என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் 18க்குக் கீழே. உங்கள் பையனுக்கு இது பொருந்தாது என்றாலும், அவனுக்குத் தம்பி தங்கை இருந்தால் தேவைப்படும். சிறுவர், இளையர் சட்டம் முன்பு 16 வயது வரைக்கும்தான் பாதுகாப்புத் தந்தது. 2019இல் நாடாளுமன்றத்தில் திருத்தி, 2020 ஜூலை முதல் 18 வயது நிறையாத எல்லாரையும் உள்ளே கொண்டுவந்தார்கள். பிள்ளையைக் கைவிடுவதும் கவனிக்காமல் விடுவதும் இந்தச் சட்டத்தில் துன்புறுத்தலாகவே கருதப்படும். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் பிள்ளைப் பாதுகாப்பு அதிகாரிகள் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம். இளையர் நீதிமன்றம் உறவினர் வீட்டிலோ, வளர்ப்புக் குடும்பத்திலோ, இல்லத்திலோ தங்கவைக்க உத்தரவிடலாம். பெற்றோர் பக்கமும் ஒரு வழி இருக்கிறது. கட்டுக்கு அடங்காத பிள்ளை என்று நீதிமன்றத்துக்குப் போகும் பழைய முறை இப்போது குடும்ப வழிகாட்டு ஆணை என்று பெயர் மாறிவிட்டது. பெற்றோரும் பிள்ளையும் முதலில் குடும்பத் திட்டம் ஒன்றில் கலந்துகொண்ட பிறகே மனுச் செய்ய முடியும். 16, 17 வயதுப் பிள்ளையை ‘வெளியே போ’ என்று அனுப்ப எந்தப் பெற்றோருக்கும் உரிமை கிடையாது. அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால் உள்ளே விடுங்கள். ஆனால் அன்றைக்கே போலீசுக்கோ அமைச்சுக்கோ தகவல் கொடுத்துவிடுங்கள். பிள்ளையைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்திருந்தால், சொல்லாமல் வைத்திருந்த உறவினருக்குத்தான் பிறகு சங்கடம்.

அமெரிக்க ஒப்பீட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே கூட்டரசு அளவில் இரண்டு சட்டங்கள் முக்கியம். 1974இல் வந்தது, வீட்டை விட்டு ஓடிவந்த, வீடற்ற இளையருக்கான தங்குமிடங்களுக்குப் பணம் ஒதுக்குகிறது. 1987இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம், வீடற்ற பிள்ளையைப் பத்திரங்கள் இல்லாவிட்டாலும் பள்ளி உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதற்கு மேல், பெற்றோர் கையெழுத்தில்லாமல் மருத்துவம் பார்க்கலாமா, தானே அடையாள அட்டை எடுக்கலாமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 18 தாண்டியவனுக்குக் கூரை உறுதி என்று அங்கேயும் எல்லா இடத்திலும் சொல்லிவிடவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. வீடிழந்து அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையையும் மெக்கின்னி-வென்டோவின் கல்விப் பிரிவு வீடற்ற பிள்ளையாகவே எண்ணுகிறது. சிங்கப்பூரில் எடுக்கப்படும் கணக்கு வெளியில் உறங்குவோரைப் பற்றியது. லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியைச் சேர்ந்த இங் கோக் ஹோ 2019இல் நடத்திய கணக்கெடுப்பு 921 முதல் 1,050 பேர் வரை என்றது. அமைச்சின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 530 பேர். நண்பன் வீட்டு சோபாவில் படுத்திருக்கும் 19 வயதுப் பையன் இந்த எண்களில் எதிலும் இல்லை. கணக்கில் இல்லாததால் பிரச்சினையே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

போலீஸ் விஷயம். புளோக்குக்குக் கீழே உறங்குவது மட்டுமே ஒருவனைக் குற்றவாளியாக்காது. போலீஸ் அடையாள அட்டையைக் கேட்கலாம், புகார் வந்திருந்தால் எழுந்து போகச் சொல்லலாம். தனியார் கட்டடத்துக்குள்ளோ பள்ளி வளாகத்துக்குள்ளோ போய்ப் படுத்தால் அது அத்துமீறல்; அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஆதரவற்றோர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பிழைக்க வழியோ தங்க இடமோ இல்லாமல் பொது இடத்தில் காணப்படுபவரை அமைச்சு நலன்பேணும் இல்லத்தில் சேர்க்க அது அதிகாரம் தருகிறது. சேர்த்துவிட்டால் இஷ்டப்படி வெளியேற முடியாது. சட்டத்தின் வாசகம் அகலமானது. ஆனால் அந்த இல்லங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், மனநலப் பிரச்சினை உள்ளவர்கள், கவனிக்க ஆளில்லாதவர்கள். படிக்கிற, வேலை செய்யக்கூடிய இளையனை அங்கே அனுப்புவதல்ல வழக்கம். குடும்பச் சேவை நிலையத்தோடு இணைத்துவிடவே பார்ப்பார்கள். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: பிச்சை எடுப்பதையே வழக்கமாக்கிக்கொள்வது அதே சட்டப்படி குற்றம், 3,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை.

வீவக வாடகை வீட்டை இப்போதைக்கு நம்ப வேண்டாம். மணமாகாத ஒற்றையருக்கு அங்கே வயது வரம்பு 35. பெற்றோர் இருவரையும் இழந்தவருக்கு அது 21. உங்கள் பையனின் அம்மா உயிரோடு இருப்பதால் அந்த வாசலும் இல்லை. முன்பு ஒற்றையர் ஒரே வீட்டில் சேர்ந்து தங்கத் தாமே ஒரு கூட்டாளியைத் தேடிப் பிடித்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில், அந்த வாடகை வீடுகளை நிர்வகிக்கும் அமைப்பே ஆளைச் சேர்த்து வைக்கிறது. நல்ல மாற்றம்தான், ஆனால் வயது வரம்பு அதே. நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய் முறையீட்டுக் கடிதம் வாங்கலாமே என்று பலர் சொல்வார்கள். போகலாம், தவறில்லை. 19 வயதில் அந்தக் கடிதம் வாடகை வீட்டைக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அரசாங்க நிதியுதவியைக் கவனிக்கும் சமூக சேவை அலுவலகத்தில் மனு கிடப்பில் கிடந்தால் அதை நகர்த்த உதவும்.

இனி உண்மையில் திறக்கும் கதவுகள். தங்குமிடங்கள் இங்கே இரண்டு வகை. ஒன்று, அமைச்சின் ஆதரவோடு தொண்டு அமைப்புகள் நடத்தும் இடைக்காலத் தங்குமிடங்கள். சில மாதங்கள் தங்கலாம், ஒரு சமூக ஊழியர் பொறுப்பெடுத்து அடுத்த வீட்டுக்கு வழி செய்வார். நேரே போய்க் கதவைத் தட்டினால் சேர்க்கமாட்டார்கள். சமூக சேவை அலுவலகமோ குடும்பச் சேவை நிலையமோ பரிந்துரைக்க வேண்டும். மற்றொன்று, எஸ்3பி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இரவு உறங்கும் இடங்கள். வெளியில் உறங்குவோருக்கு உதவும் அமைப்புகளை இணைத்து 2019இல் அமைச்சு தொடங்கிய பியர்ஸ் கட்டமைப்பின் கீழ் தேவாலயம் போன்ற வழிபாட்டுத் தலங்களும் சமூகக் குழுக்களும் தங்கள் இடத்தைத் திறந்துவிட்டு நடத்துகின்றன. பல இடங்களில் இரவு வந்து காலையில் கிளம்ப வேண்டும். வயது, ஆண் பெண், உள்ளே வரும் நேரம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அங்கே படுப்பவர்களில் பெரும்பாலோர் நடுவயது தாண்டிய ஆண்கள். 19 வயதுப் பையனுக்கு முதல் இரவு தயக்கமாகத்தான் இருக்கும். முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஒரே இரவில் திரும்பி புளோக்குக்குக் கீழேயே வந்துவிடுவான். திருநங்கைகளுக்கு 2014இல் தொடங்கிய டி புராஜெக்ட் என்ற தங்குமிடம் இருக்கிறது. வன்முறைக்குத் தப்பி வரும் பெண்களுக்கு ஸ்டார் ஷெல்டர், காசா ரவுதா போன்றவை உண்டு.

சமூக சேவை அலுவலகத்தில் பலர் தடுமாறுவது எங்கே என்று சொல்கிறேன். ‘வீடு வேண்டும்’ என்று ஆரம்பித்தால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, ‘குடும்பம் எங்கே?’ என்பது. வீட்டுக்குத் திரும்ப வழியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை. அம்மாவுக்கு ஃபோன் போடுவார்கள் என்று பயந்து பையன் பாதியில் எழுந்து வந்துவிடுவான். கோப்பு அங்கேயே நின்றுவிடும். அதனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து வீட்டில் இல்லை, அதன்பின் எங்கெங்கே தங்கினான், திரும்பிப் போனால் அடி உதை இருக்கிறதா. அடி உண்டு என்றால் மழுப்பக் கூடாது. அதைச் சொன்ன நிமிடத்தில் சமரசப் பேச்சு என்ற பாதை மாறி, பாதுகாப்பு என்ற பாதைக்குக் கோப்பு போகும்.

அடுத்த தடுமாற்றம் முகவரி. காம்கேர் என்ற அரசாங்க நிதியுதவிக்கு ஒரே வீட்டில் இருப்பவர்களின் வருமானத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். பையனின் அடையாள அட்டையில் அம்மா வீட்டு முகவரி இருக்கும்வரை மாற்றாந்தகப்பனின் சம்பளமும் அந்தக் கணக்கில் வந்து நிற்கும். ‘நான் அங்கே வசிக்கவில்லை’ என்று வாய்ச்சொல்லாகச் சொல்வது போதாது. குடும்பச் சேவை நிலையத்தின் சமூக ஊழியர் எழுதும் அறிக்கையோ, கல்விக் கழகத்து மாணவர் ஆலோசகரின் கடிதமோ இருந்தால் தனி ஆளாக மதிப்பிட வழி பிறக்கும். இது சட்டத்தில் எழுதிய விதி அல்ல, நடைமுறை. அதிகாரிக்கு அதிகாரி கொஞ்சம் வேறுபடும். என் கருத்தில் பல பையன்களுக்குச் சுலபமான முதல் கதவு கல்விக் கழகத்து ஆலோசகர்தான். ஏற்கெனவே தெரிந்த முகம், வரிசையில் நிற்கத் தேவையில்லை, அவரே குடும்பச் சேவை நிலையத்துக்கு எழுதிவிடுவார். போகும்போது அடையாள அட்டை, கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, பகுதிநேர வேலை இருந்தால் சம்பளச் சீட்டு, மருத்துவச் சான்று இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். முழு மனு முடியச் சில வாரங்கள் ஆகும்; அதுவரை தாங்க அவசர இடைக்கால உதவியைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு அது நினைவூட்டப்படாமல் போகக்கூடும்.

கைகலப்பு நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். குடும்ப விவகாரங்களுக்கான சட்டமான மாதர் சாசனத்தின் கீழ், வன்முறை செய்யக் கூடாது என்று நீதிமன்றம் தரும் தனிநபர் பாதுகாப்பு ஆணையைப் பெண்களுக்கானது என்றே பலர் நினைக்கிறார்கள். ஆண் பிள்ளையும் கேட்கலாம், மாற்றாந்தகப்பன்மீதும் கேட்கலாம். முன்பு தாமே மனுச் செய்ய 21 வயது ஆகவேண்டும். 2023இல் நிறைவேறி 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் அதை 18 ஆக்கியது. உடலில் பட்ட அடியோடு மனத்தளவில் வதைப்பதையும் அதே திருத்தம் வன்முறை என்று தெளிவாக வரையறுத்தது. தங்கும் இடம் என்று பார்த்தால் இதில் முக்கியமானது வேறொன்று. அடித்தவரையே வீட்டில் இருக்கக் கூடாது என்று நீதிமன்றம் விலக்கி வைக்கலாம். அடிபட்டவன்தான் தெருவுக்கு வரவேண்டும் என்று விதியில்லை. குடும்ப நீதிமன்றத்தில் இணையம் வழியாக மனுச் செய்யலாம், அல்லது பேவ், கேர் கார்னர் போன்ற அமைப்புகளின் குடும்ப வன்முறைப் பிரிவுகளுக்குப் போனால் உட்காரவைத்து எழுத உதவுவார்கள். காயம் இருந்தால் ஆறுவதற்குள் பலதுறை மருந்தகத்தில் காட்டி, எப்படி வந்த காயம் என்பதையும் மருத்துவர் குறித்துக்கொள்ளும்படி கேளுங்கள். அதோடு, மனு நிச்சயம் வெல்லும் என்று யாரும் சொல்ல முடியாது. வன்முறை நடந்தது அல்லது நடக்க வாய்ப்பிருக்கிறது, ஆணை அவசியம் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். அம்மா யார் பக்கம் பேசுவார் என்பதும் வழக்கைப் பாதிக்கும். பையனை அதற்குத் தயார்ப்படுத்துங்கள்.

ஜீவனாம்சம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், சட்டம் முரண்படும் இடம் இது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு இருப்பிடம், உணவு, உடை, கல்வி தருவது பெற்றோர் கடமை என்று மாதர் சாசனம் சொல்கிறது. ஆகவே 19 வயது மகனுக்குத் தாயும், பெற்ற தகப்பனும் இன்னும் கடமைப்பட்டவர்கள். மாற்றாந்தகப்பன் அவனைக் குடும்பப் பிள்ளையாக ஏற்று வளர்த்திருந்தால் அவருக்கும் பொறுப்பு வரலாம். ஆனால் அந்தக் கடமையை நிறைவேற்றச் சொல்லி 19 வயதுப் பிள்ளை தானே நீதிமன்றம் போக முடியாது; பாதுகாவலரோ, உண்மையில் வைத்துப் பராமரிப்பவரோ, 21 நிரம்பிய அண்ணன் அக்காவோதான் மனுச் செய்யலாம். அவனுக்கே 21 ஆன பிறகு தானாகக் கேட்கலாம், அப்போது முழுநேரப் படிப்பில் இருக்கிறான், தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி போன்றவற்றில்) இருக்கிறான் என்பது போன்ற காரணம் காட்ட வேண்டும். அடியிலிருந்து காத்துக்கொள்ள 18 போதும், சோற்றுக்குக் கேட்க 21 வேண்டும் என்பதை நான் குறையாகவே பார்க்கிறேன். திருத்தப்பட வேண்டிய இடம்.

சொந்தமாக அறை எடுப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. 2009 முதல் 18 வயதானவர் செய்யும் ஒப்பந்தம் செல்லும். மூன்று ஆண்டுக்கு மேற்படாத குத்தகையும் அதில் அடங்கும். ‘21 ஆகவில்லை, கையெழுத்துப் போட முடியாது’ என்று சொல்லும் வீட்டுக்காரர் பழைய நினைப்பில் சொல்கிறார். ஆனால் தனக்கு விருப்பமில்லாதவருக்குக் கொடுக்கவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. வீவக அறைக்குக் குறைந்தது 6 மாத ஒப்பந்தம் என்பது விதி. மாதம் 900 வெள்ளி அறை என்று வைத்துக்கொண்டால், ஒரு மாத முன்பணம், ஒரு மாத வாடகை என்று குடிபோகும் நாளில் 1,800 வெள்ளி கையில் வேண்டும். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதாவது ஆறு மாதத்துக்கு 21 வெள்ளி சொச்சம். இதைக் கட்டாமல் விட்டால், பின்னால் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்று வீட்டுக்காரர் மறுக்கும்போது ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்டுவதில் சிக்கல் வரும். இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட குடியிருப்பு வாடகைத் தகராற்றைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அறையை நேரில் பார்க்காமல் பேநவ் என்ற மின்பணச் சேவையில் முன்பணம் அனுப்புவதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்ய வேண்டாம். இடமில்லாமல் தவிப்பவர்களைக் குறிவைத்தே இந்த மோசடி நடக்கிறது.

தேசிய சேவை நெருங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். படிப்பு முடிந்து அழைப்பு வரும்போது முகாமில் தங்கும் பணி கிடைத்தால் வார நாட்களில் கூரை இருக்கும்; வாரக் கடைசியில் வெளியே வரும்போதுதான் போக இடமிருக்காது. அதைச் சேர்ந்த உடனேயே பிரிவின் மனிதவள அதிகாரியிடம் சொல்ல வேண்டும். பணச் சிரமத்துக்கு நிதியுதவியும், பேச ஆலோசகரும் ராணுவத்துக்குள்ளேயே உண்டு. வெட்கப்பட்டு மறைத்து, முகாமுக்குத் திரும்பாமல் போகும் பையன்தான் பெரிய சிக்கலில் மாட்டுகிறான். அதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனைக்கான அறிவிப்பைத் தவறவிடுவதும் தனிக் குற்றம். அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலியும் கைத்தொலைபேசி எண்ணும் மாறாமல் இருக்கட்டும். புது இடத்தில் நிலையாகக் குடியேறியதும் 28 நாட்களுக்குள் முகவரியை மாற்றிவிட வேண்டும்.

நான் சொன்னவற்றில் வயது வரம்புகளும் யார் மனுச் செய்யலாம் என்பதும் சட்டமோ எழுதிய விதியோதான், அதில் ஊகம் இல்லை. தங்குமிடத்தில் இடம் எத்தனை நாளில் கிடைக்கும், அதிகாரி தனி ஆளாக மதிப்பிடுவாரா என்பதெல்லாம் அன்றன்றைய நிலைமை. பாதுகாப்பு ஆணைக்குப் போவதாக இருந்தால் என் பதிலை மட்டும் நம்பிப் போகாதீர்கள். புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு நேரம் வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

இன்றிரவே இடமில்லை, அடிபடும் பயமும் இருக்கிறது என்றால் 1800-777-0000, குடும்ப வன்முறைக்கான 24 மணி நேர எண். உயிருக்கு ஆபத்து என்றால் 999. பயமில்லை, இடம்தான் இல்லை என்றால் காம்கேர் 1800-222-0000. அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையம் எது என்று அவர்களே சொல்வார்கள். தமிழில் பேசினால்தான் பையனோ நீங்களோ மனம்விட்டுப் பேசமுடியும் என்றால் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையத்தைக் கேளுங்கள். நண்பன் வீட்டில் இன்னும் ஒரு வாரம் தங்கலாம் என்ற நிலை இருக்கும்போதே போய்விடுங்கள். பரிந்துரை, நேர்காணல், இடம் காலியாவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாரம் வேண்டும். அவனைத் தனியே அனுப்ப வேண்டாம், நீங்களும் கூடப் போங்கள். வீட்டை விட்டு அனுப்பப்பட்டது உண்மை என்று குடும்பத்திலிருந்து ஒருவர் எதிரே உட்கார்ந்து சொல்வது கோப்பில் பதிவாகும், முகவரிச் சிக்கலும் அங்கேயே பாதி தீரும்.